பொம்மைக்குக் கிடைத்த மரியாதை

"ஜூவி, உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கேன் மிஸ்."

கேள்வி கட்டிலின் கால்மாட்டிலிருந்து போனது. பதில் தலைமாட்டிலிருந்து வந்தது. நடுவில் இருந்த ஆறடியை நர்ஸ் டெலிசா கடக்கவில்லை. அட்டையை இடுப்பில் சாய்த்துக்கொண்டு எழுதினாள். நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், காய்ச்சல் என்று நாலு கட்டம். முந்தைய ஷிப்ட்டில் இருந்தவள் எழுதிவிட்டுப் போன எண்களையே அவளும் எழுதினாள். நாடியில் மட்டும் இரண்டைக் கூட்டிக்கொண்டாள். அச்சு அசலாக ஒரே எண் இருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும் அல்லவா!

அவளைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். டெலிசா நல்ல பெண். யாரையும் கடிந்து பேசமாட்டாள். நர்சிங் படிப்பில் முதல் வகுப்பு. இலோய்லோ நகரத்திலிருந்து கடலோரமாகப் போனால் வருகிற அந்தச் சின்ன அரசு மருத்துவமனையில் ஐந்து வருடமாக வேலை செய்கிறாள். ஆள் பற்றாக்குறையில் வார்டு முழுவதையும் ஒருத்தியே பார்த்த நாட்கள் அவளுக்கு எத்தனையோ உண்டு. எண்களைப் பார்க்காமலே எழுதும் பழக்கம் அப்படி ஒரு நாளில்தான் தொற்றியது. ஆனால் அன்று பிரசவ வார்டில் கூட்டம் இல்லை. பாதிக் கட்டில்கள் காலி. அன்று அவளுக்கு நேரம் இருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஜூவிக்கு அது தலைப்பிரசவம். காலையில் பெண் குழந்தை, பக்கத்துத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. புருஷன் கப்பலில் வேலை. எந்தக் கடலில் இருக்கிறானோ. துணைக்கு வந்திருந்தவள் அக்கா நெனிடா. சந்தையில் கருவாடு விற்பவள். தங்கையைத் தூக்கி வளர்த்தவள்.

பிள்ளை பெற்றவளின் உடம்பில் காற்றுப் புகுந்தால் 'புகாட்' என்கிற சீக்கு வரும், புகாட் வந்தால் ஆள் தேறுவது கஷ்டம் என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதனால் நெனிடா ஒரு குறையும் வைக்கவில்லை. காலுக்குச் சாக்ஸ், மேலுக்கு ஜாக்கெட், தலைக்குக் கம்பளித் தொப்பி. வயிற்றைச் சுற்றி நீளமான துணியை இறுக்கி ஏழெட்டு முடிச்சுப் போட்ட வயிற்றுக்கட்டு. எல்லாவற்றுக்கும் மேலே கழுத்து வரை கனத்த போர்வை. வெளியே மதிய வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஜூவியின் முகம் மட்டும் தெரிந்தது, அதில் ஒரு சிரிப்பு.

டெலிசா கடமைக்கு ஒருமுறை போர்வையின் நுனியைத் தொட்டாள்.

"அவிழ்க்காதீங்க மிஸ், காத்து பூந்துடும்" என்றாள் நெனிடா, மெதுவாக.

"சரி மனாங், உங்க இஷ்டம்" என்று டெலிசா சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனாள். மனாங் என்றால் அக்கா. மரியாதையான சொல்தான். ஆனால் அந்த மரியாதையைக் காட்டிலும் நாலு வார்த்தை எடுத்துச் சொல்லி, அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்த்திருக்கலாம்.

பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? பிள்ளை வெளியே வந்ததும் கருப்பை சுருங்கி, தொப்புளுக்குக் கீழே கெட்டியான உருண்டையாக நிற்கவேண்டும். அப்படி நின்றால்தான் ரத்தம் நிற்கும். கை வைத்தால் தெரிந்துவிடும். அதற்கு இயந்திரம் வேண்டாம். ஜூவியின் வயிற்றில் அந்த உருண்டை இல்லை. கட்டுக்குள்ளே எல்லாம் தளர்ந்து கிடந்தது. ரத்தம் பீறிட்டு வரவில்லை. சன்னமாக, விடாமல் கசிந்து அவள் முதுகுக்கடியில் ரப்பர் விரிப்பின் பள்ளத்தில் தேங்கிக்கொண்டிருந்தது. மேலே போர்வை வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஜூவிக்குக் காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. போகவேண்டும் போலத்தான் இருந்தது. நாலு பேர் நடமாடும் வார்டில் தட்டு வைக்கச் சொல்லிக் கேட்க வெட்கம். நர்ஸ் பாவம், அவருக்கு எத்தனை வேலையோ என்று அடக்கிக்கொண்டாள். நிறைந்த நீர்ப்பை கருப்பையைச் சுருங்கவிடாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

டெலிசாவுக்கு உண்மையிலேயே வேலை இருந்தது. அன்று மாலை அவளுக்கு மணிலாவுக்கு விமானம். மறுநாள் இங்கிலாந்து வேலைக்கான ஏஜென்சியின் செய்முறைத் தேர்வு. நோயாளியைப் பரிசோதிக்கும் முறையைத் தேர்வாளர் முன்னால் செய்துகாட்ட வேண்டும். போன தடவை எல்லாம் சரியாகச் செய்தும், தொடுவதற்கு முன் அனுமதி கேட்க மறந்ததால் கோட்டைவிட்டிருந்தாள். இந்தத் தடவை விடுவதாக இல்லை.

வார்டின் கோடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை. மாணவிகள் பழகுவதற்காக ஆளுயரப் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று அங்கே படுத்திருக்கும். நர்சுகள் அதற்கு 'சீமாட்டி பெர்லா' என்று பெயர் வைத்திருந்தார்கள். வார்டிலேயே தனிக்கட்டில், தினமும் துடைத்த மேனி, கசங்காத விரிப்பு என்று அந்தப் பொம்மை ஒன்றுதான் வாழ்ந்தது என்று கேலி பேசுவார்கள்.

டெலிசா உள்ளே போய்க் கைகளைக் கழுவினாள். விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். பொம்மையின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தாள்.

"வணக்கம் அம்மா. என் பெயர் டெலிசா. நான் உங்கள் செவிலி. உங்களைப் பரிசோதிக்க எனக்கு அனுமதி தருவீர்களா?"

பொம்மை மறுப்புச் சொல்லவில்லை.

இங்கே ஜூவி கொட்டாவி விட்டாள். "மனாங், கொஞ்சம் தண்ணி."

நெனிடா கொடுத்தாள். முருங்கைக்கீரையும் பப்பாளிக்காயும் போட்ட கோழிச் சாற்றையும் ஊட்டப்போனாள். ஜூவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தண்ணீர். மறுபடியும் கொட்டாவி. தங்கையின் கையைத் தொட்ட நெனிடாவுக்குத் திக்கென்றது. கை ஜில்லென்று, வேர்வையில் நனைந்து கிடந்தது.

"பாத்தியா, எங்கேயோ காத்து பூந்துடுச்சு" என்று சொல்லி இன்னொரு போர்வையைப் போட்டாள். வயிற்றுக்கட்டையும் இன்னும் ஒரு பிடி இறுக்கினாள். பாசத்தில்தான் செய்தாள். அறியாமைக்குப் பாசத்தைப் போல நல்ல துணை வேறு கிடையாது.

"மனாங், படுக்கவே முடியல. எந்திரிச்சு உக்காரட்டுமா?"

"சும்மா கிட, இன்டாய்." சின்னப் பெண்ணைச் செல்லமாகக் கூப்பிடுகிற சொல் அது. "நான் போய் மிஸ்ஸ கூட்டிட்டு வரேன்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நெனிடா போய் நின்றாள். உள்ளே நடப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அந்த நர்ஸ் பொம்மையின் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ணினாள். போர்வையை மெல்ல விலக்கினாள். "அம்மா, வயிற்றில் கை வைக்கிறேன், என் கை குளிர்ச்சியாக இருந்தால் மன்னியுங்கள்" என்றாள். கண் இமையைக் கீழே இழுத்து நிறம் பார்த்தாள். ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்கடியில்கூடப் பார்த்தாள். என்ன பொறுமை, என்ன பதவிசு! படித்த பெண் ஏதோ முக்கியமான காரியத்தில் இருக்கிறாள், குறுக்கே போவது மரியாதையில்லை என்று நெனிடா கைகட்டிக் காத்திருந்தாள்.

டெலிசாதான் அவளைப் பார்த்துக் கதவைத் திறந்தாள். "என்ன மனாங்?"

"ஒண்ணுமில்ல மிஸ். தங்கச்சி குளிருதுங்கற மாதிரி இருக்கா. தண்ணி தண்ணிங்கறா, படுக்க முடியலங்கறா. உங்களுக்கு நேரம் இருந்தா கொஞ்சம்..."

எங்கள் ஊர் இலோங்கோ மொழிப் பேச்சு அப்படி. திருடனை விரட்டினாலும் எங்கள் ஜனம் பிள்ளையைத் தூங்கவைக்கிற குரலில்தான் விரட்டும். வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள், நாங்களும் பெருமைப்பட்டுக்கொள்வோம். அந்தக் குரலில் வந்த பயம் அதே ஊரில் பிறந்த டெலிசாவின் காதிலேயே ஏறவில்லை.

"பிரசவம் ஆனா குளிரத்தான் செய்யும் மனாங். போர்வை போடுங்க. இத முடிச்சிட்டு வந்துடறேன்."

குளிர், தாகம், தவிப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று தேர்வில் கேட்டிருந்தால் டெலிசா தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான்.

நெனிடா திரும்பி வந்தபோது ஜூவி சிரிக்கவில்லை. உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. மூச்சு மேலும் கீழுமாக ஓடியது.

"மனாங்... ஜன்னல ஏன் சாத்தினீங்க? இருட்டா இருக்கே."

ஜன்னல் திறந்துதான் இருந்தது. கட்டில் முழுக்க வெயில்.

நெனிடாவின் பாதத்தில் எதுவோ வெதுவெதுப்பாகச் சொட்டியது. குனிந்து பார்த்தாள். கட்டிலுக்கடியில் அவள் கழற்றி வைத்திருந்த ரப்பர்ச் செருப்பு சிவப்பில் ஊறிக்கிடந்தது.

அவள் கத்தவில்லை. ஓடினாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், பொம்மையின் வயிற்றின் மேல் இருந்த டெலிசாவின் கையை மணிக்கட்டோடு பிடித்து இழுத்தாள். கருவாட்டுக் கூடை தூக்கிய கை அது, இரும்புப் பிடி. வார்டின் நீளம் முழுக்க இழுத்துக்கொண்டு வந்து, அந்தக் கையைத் தன் தங்கையின் கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

"அந்தப் பொம்மைக்குக் குடுத்த மரியாதையில பாதிய இவளுக்குக் குடுங்க மிஸ். இவளுக்கு உசுரு இருக்கு." அப்போதும் குரல் உயரவில்லை.

கன்னம் ஈரமண் போலக் குளிர்ந்தது. டெலிசா மணிக்கட்டைத் தேடினாள். நாடி நூலாக, எண்ண முடியாத வேகத்தில் ஓடியது. போர்வைகளை உருவி எறிந்தாள். வயிற்றுக்கட்டின் முடிச்சு அசையவில்லை. நகம் முறிந்ததுதான் மிச்சம். கத்தரியை எடுத்துத் துணியை வெட்டினாள். நெனிடா தடுக்கவில்லை. கை வைத்த இடத்தில் கெட்டியாக ஒன்றும் தட்டுப்படவில்லை. பிசைந்த மாவு போல வயிறு உள்ளே அமுங்கியது. ஒருக்களித்துத் திருப்பியபோது முதுகுக்கடியில் தேங்கியிருந்த ரத்தம் மொத்தமும் விளிம்பு தாண்டித் தரையில் கொட்டியது.

"டாக்டர கூப்பிடுங்க! யாராவது ஓடுங்க!"

அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிசைந்து தேய்த்தாள். ஜூவி வலியில் முனகினாள். முனகட்டும், முனகினால் உயிர் இருக்கிறது. கையடியில் மெதுவாக ஓர் உருண்டை திரண்டது; விட்டால் மறுபடி தளர்ந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தாள். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது.

டாக்டர் தமாயோ அறுவைச் சட்டையோடு வந்தார். மருத்துவமனையில் இருந்தது ஒரே ஒரு ஆபரேஷன் தியேட்டர். அதில் சிசேரியனுக்கு இன்னொரு பெண்ணைத் தயார்செய்து வைத்திருந்தார்கள். அவர் ஊசி போடச் சொன்னார். இரண்டு கையிலும் சொட்டு நீர் ஏறியது.

"கடைசியா எப்ப யூரின் போனா?"

டெலிசாவுக்குத் தெரியவில்லை. "காலைலேருந்து போகல டாக்டர்" என்று நெனிடா சொன்னாள். டாக்டர் குழாய் போட்டார். பை நிரம்பி வழிகிற அளவுக்கு வந்தது. கருப்பை கொஞ்சம் இறுகியது. ரத்தம் குறைந்த மாதிரி இருந்தது. அவர் கட்டிலில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"நீ போன தடவை பாத்தப்போ நாடி, பிரஷர் எல்லாம் நார்மல். அப்ப இது இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. உடம்புல இருக்கற ரத்தம் தாங்கும். மருந்துக்கு அடங்கிடும்னு நினைக்கிறேன். நான் அந்த சிசேரியன முடிச்சிட்டு வந்துடறேன், நீ தேச்சுக்கிட்டே இரு."

அவர் திரும்பிவிட்டார்.

டெலிசாவின் கண் அந்த அட்டைக்குப் போனது. அந்த எண்கள் யாருடைய எண்கள் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் வேலை போகும். லைசென்ஸ் போகும். இங்கிலாந்தும் போகும். தம்பி தங்கைகளின் படிப்பு, அம்மா கட்டக் காத்திருக்கும் வீடு எல்லாம் போகும். வாயைத் திறக்காவிட்டால் ஒருத்தியின் உயிர் போகும். தராசில் வைத்துப் பார்க்கிற காரியமா இது? ஆனாலும் அவள் பார்த்தாள். மனிதர்கள் பார்ப்பார்கள். அதற்குள் டாக்டர் கதவை எட்டிவிட்டார்.

"டாக்டர்! அது நான் பாத்து எழுதல!"

அவர் நின்றார். வார்டு முழுக்க நின்றது.

"என்ன சொல்ற?"

"நாடி பிடிக்கல. பிரஷர் பாக்கல. வயித்தில கை வைக்கல. முன்னாடி இருந்தத பாத்து எழுதிட்டேன். எப்ப ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியாது. காலைலேருந்தே போயிட்டு இருந்திருக்கும்."

டாக்டரின் முகத்தில் கோபம் வருவதற்குக்கூட நேரம் இருக்கவில்லை. "சிசேரியன் காத்திருக்கட்டும். மொதல்ல இவ. தள்ளுங்க!"

கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். தியேட்டர் கதவு வரை டெலிசா ஜூவியின் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் கூடவே ஓடினாள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் நெனிடா உட்கார்ந்தாள், மடியில் குழந்தை. பசித்து அழுத குழந்தையின் வாயில் தன் விரல் நுனியை வைத்தாள். டெலிசா சுவரோடு சாய்ந்து நின்றாள். உள்ளேயிருந்து பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ ரத்தப் பையோடு ஓடினார்கள். இன்னொரு பையோடு இன்னொருவர் ஓடினார். கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். திறந்தவர்கள் யாரும் இவர்களைப் பார்க்காமல் போனார்கள். விமானத்துக்குக் கிளம்பவேண்டிய நேரம் வந்தது, போனது. டெலிசாவின் பையில் போன் அடித்து ஓய்ந்தது.

வெயில் சாய்ந்த பிறகுதான் டாக்டர் வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றினார்.

"உசுர காப்பாத்தியாச்சு. ஆனா கருப்பைய எடுக்க வேண்டியதாப் போச்சு." டெலிசாவைப் பார்த்து, "நீ உண்மைய இன்னும் கொஞ்சம் லேட்டா சொல்லியிருந்தா இதக்கூட நான் சொல்லியிருக்க முடியாது. முன்னாடியே தொட்டுப் பாத்திருந்தா இது எதுவுமே வேண்டியிருக்காது. நாளைக்கு விசாரணை வரும். நானும் வருவேன். தலைமை நர்ஸ்கிட்ட நீயே போய் சொல்லிடு" என்றார். கோபமில்லாமல் சொன்னார், அது இன்னும் சுட்டது.

ஜூவிக்கு முதல் பிள்ளையே கடைசிப் பிள்ளை. நெனிடா குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். நானும் அவள் கட்டை இறுக்கினேனே என்ற நினைப்பு அவளையும் தின்றுகொண்டிருந்தது.

டெலிசா அவள் காலடியில் மண்டியிட்டாள். "மனாங், என்னை மன்னிச்சிடுங்க. திட்டுங்க. அடிங்க. ஏதாவது சொல்லுங்க."

நெனிடா அவளை எழுப்பவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"மன்னிக்கறது மெதுவா பாத்துக்கலாம் மிஸ். எங்க கட்டிலுக்கு அடுத்த கட்டில்ல ஒரு பொண்ணு இருக்கால்ல, அவளும் காலைலதான் பெத்தா. அவளும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சிரிச்சுக்கிட்டேதான் கிடக்கா. அவ போர்வைய யாராவது தூக்கிப் பாத்தீங்களா?"

டெலிசா வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எழுந்தாள். அழுத கண்ணைத் துடைக்காமலே ஓடினாள்.

அடுத்த கட்டில் பெண்ணும் ஜாக்கெட்டும் தொப்பியும் போர்வையுமாகத்தான் படுத்திருந்தாள். நர்சைப் பார்த்ததும் சிரித்தாள். "நல்லா இருக்கேன் மிஸ்."

"சரிம்மா. வாய் மரியாதைக்குப் பேசும், உடம்புதான் உண்மைய பேசும். அத கண்ணால பாக்கணும், கையால தொடணும், காதால கேக்கணும். அப்புறம்தான் எழுதணும். தொடாம எழுதினா அது குறிப்பு இல்ல, கொலை. இத நான் இன்னைக்குத்தான் படிச்சேன்."

டெலிசா கையைக் கழுவினாள். தலைமாட்டுக்குப் போனாள். போர்வையை விலக்கி, முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கையை அந்தப் பெண்ணின் தொப்புளுக்குக் கீழே வைத்தாள்.

கெட்டியாக இருந்தது. டெலிசாவுக்கு மூச்சு வந்தது. அடுத்து மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.